நிதிப் பகுப்பாய்வாளர் நேர்முகத் தேர்வு

வணிகவியல் பயின்ற நம் பிள்ளைகள் பலர், நிதிப் பகுப்பாய்வாளர் பணிக்கான நேர்முகத் தேர்வை எண்ணிக் கலங்குவதைக் காண்கிறோம். மனப்பாடம் செய்த இலக்கணங்கள் அங்கே அதிகம் உதவா. அடிக்கடி எழும் கேள்வி இது: "தேய்மானம் 100 ரூபாய் கூடினால் மூன்று கணக்கறிக்கைகளிலும் என்ன மாறும்?"

வரி 30 விழுக்காடு எனக் கொள்வோம். நிகர இலாபம் 70 ரூபாய் குறையும். தேய்மானத்திற்காகப் பணம் எவர் கைக்கும் போகவில்லை. ஆதலால் ரொக்க ஓட்ட அறிக்கையில் அந்த 100 ரூபாய் திரும்பக் கூட்டப்படும். ஆக, ரொக்கம் 30 ரூபாய் மிகும். வரியில் மிஞ்சிய தொகையே அது. இருப்புநிலைக் குறிப்பில் இயந்திர மதிப்பு 100 குறைந்து, ரொக்கம் 30 கூடுவதால் சொத்துப் பக்கம் 70 இறங்கும். மறுபக்கத்தில் உரிமையாளர் நிதியும் அதே 70 இறங்கும்.

இலாபம் குறைய ரொக்கம் கூடுமா என்று இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். நாம் அறிந்த இளைஞர் ஒருவர், கல்விக் கடன் தவணை நெருக்கிய வேளையில், "ரொக்கமும் குறையும்" என்று விடையளித்து வாய்ப்பை இழந்தார். தாள் கேட்டு எழுதிப் பார்த்திருக்கலாம், அது இழுக்கன்று.

எக்செல் தேர்வும் உண்டு. நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்தீரா என்றும் வினவுவர். இலாபப் பக்கத்தோடு நின்றுவிடாமல் கணக்குக் குறிப்புகளையும் புரட்டிச் செல்க. நிலுவையிலுள்ள வழக்குகளும் பிறருக்குக் கொடுத்த பிணைகளும் அங்கேதான் இருக்கும்.