தீவகத்தின் காவலும் இடமாற்றக் கட்டளையும்

ஊர்காவற்றுறை என்னும் பெயரிலேயே காவல் என்னும் சொல் அமைந்திருக்கின்றது. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத் தீவுகளின் கிராமங்களைப் பெரும்பாலும் காத்து வந்தோர் சீருடை அணிந்த பொலிஸார் அல்லர். மணியகாரரின் கீழ்ப் பணியாற்றிய விதானைமாரே ஆவர்.

1865ஆம் ஆண்டின் பொலிஸ் சட்டத்தின்படி அமைந்த படை பெரும்பாலும் நகரங்களையே காத்தது. 1913இல் டவ்பிகின் துரை பொலிஸ் மா அதிபரானபோது, இலங்கை முழுவதற்கும் 119 நிலையங்களும் 2,306 பேர் கொண்ட படையுமே இருந்தன. கடல் கொந்தளிக்கும் நாளில் நெடுந்தீவிலோ நயினாதீவிலோ களவு நிகழ்ந்தால், ஊர் விதானையாரையன்றி வேறு யாரிடம் முறையிடுவது?

இவ்விரு பதவிகளுக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. பொலிஸ்காரர் இடமாற்றத்துக்கு உட்பட்டவர். ஒரு கட்டளை வந்தால் மறுவாரமே வேறூர் செல்வார். விதானையாரோ அவ்வூரிலேயே நிலமும் சுற்றமும் உடையவர். அதனால் ஊரை நன்கறிவார். அதனாலேயே உறவும் பகையும் அவரது நடுநிலையைச் சாய்க்கவுங் கூடும். முறையீடு அவருடைய உறவினர் மீதாயின் எளியவன் கதி என்ன?

1963இல் விதானைப் பதவி ஒழிந்து, இடமாற்றத்துக்குரிய கிராமசேவகர் வந்தனர். நியமனம், இடமாற்றம் எனச் சில வரிகளில் வெளிவரும் அறிவித்தல்கள் சுவையற்றவையாகத் தோன்றலாம். ஆனால், எளியவன் முறையீட்டைக் கேட்பவர் யார் என்பது அவ்வரிகளிலேதான் அடங்கியிருந்தது.