மார்ல்பரோக் கோமகன் பட்டம்

ஆங்கிலப் பிரபுக்களின் பட்டங்கள் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மூத்த மகனுக்கே செல்வன. மகன் இல்லையேல் ஆண்வழி உறவினரைச் சேரும். அவ்வழியும் அற்றுப்போயின் பட்டம் மறைந்துவிடும். இவ்விதி தளர்த்தப்பட்டதனாலேயே நிலைத்தது, மார்ல்பரோ டியூக் எனப்படும் கோமகனின் பட்டம்.

படைத்தலைவர் ஜோன் சேர்ச்சிலுக்கு ஆன் இராணியார் 1702ஆம் ஆண்டில் இப்பட்டத்தை வழங்கினார். மறு ஆண்டே, அவருக்கு எஞ்சியிருந்த ஒரே மகன் வைசூரி கண்டு இறந்தான். இருந்தோர் நான்கு பெண்மக்களே. 1704இல் பிளெனிம் போரிலே பிரெஞ்சுப் படையை முறியடித்த வீரரின் பட்டம் அவரோடு அழிந்துவிடலாகாது என்பதற்காக, அது பெண்மக்கள் வழியும் செல்லலாமெனப் பாராளுமன்றம் 1706இல் தனிச்சட்டம் இயற்றிற்று.

அவர் 1722இல் காலமானபோது, மூத்த மகள் ஹென்றியற்றா தம் உரிமையாலேயே கோமகளானார். அவருடைய மகனோ 1731இல் தாய்க்கு முன்னரே மறைந்தார். ஈராண்டு கழித்து ஹென்றியற்றாவும் இறக்கவே, முன்னரே மறைந்திருந்த தங்கையின் மகனான சாள்ஸ் ஸ்பென்சர் மூன்றாம் கோமகனானார். குடும்பப்பெயர் ஸ்பென்சர் என மாறியது. 1817இலேயே சேர்ச்சில் என்னும் பெயர் மீண்டும் அதனோடு இணைந்தது.

இவ்வழியில் தோன்றியவரே வின்ஸ்டன் சேர்ச்சில். 1895இல் தந்தை இறந்தபின், ஒன்பதாம் கோமகனுக்கு அடுத்த உரிமையாளர் அவரே. 1897இல் அக்கோமகனுக்கு மகன் பிறந்தான், அவ்வுரிமை நீங்கிற்று. பட்டம் கிட்டியிருப்பின் அவர் பிரபுக்கள் சபைக்கே செல்ல நேர்ந்திருக்கும்; பட்டத்தைத் துறக்கும் உரிமையை வழங்கிய சட்டம் 1963இலேயே வந்தது. 1940இல் மக்கள் சபையிலிருந்து பிரதமராக எழுந்த சேர்ச்சிலை உலகம் கண்டதற்கு, பட்டம் கைநழுவிய அப்பிறப்பும் ஒரு காரணமாகும்.