வெள்ளையாக விழாத வெள்ளை!

(இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை)



ஒரு வெள்ளை சார்ட்டின் மேல் தங்க ஜிமிக்கியை வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த சார்ட், படத்தில் சாம்பலாக விழும். சார்ட்டில் குறை இல்லை. கேமராவின் ஒளிமானி, தன் எதிரில் உள்ளதெல்லாம் சராசரியாக 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் என்று எண்ணிக் கணக்குப் போடுகிறது. வெள்ளையைக் கண்டால் "வெளிச்சம் ஜாஸ்தி" என்று தானாகவே குறைத்துவிடும். அவ்வளவுதான் விஷயம்!

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கோவையில் ஒரு சின்ன நகைப் பட்டறையில் தங்க வேலை செய்கிறார். இப்போது ஆர்டர் கொடுப்பவர்கள் "முதல்ல போட்டோ அனுப்புங்க" என்கிறார்கள். அமேசான் போன்ற இணையச் சந்தைகள் முதன்மைப் படத்துக்குச் சுத்த வெள்ளைப் பின்னணியே கேட்கின்றன. மங்கலான படத்தில் நல்ல வேலைப்பாடும் மட்டச் சரக்காகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஸ்டூடியோவுக்குக் காசு கொடுக்கச் சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் நமக்குத் தெரிந்த பாடமே இதற்குப் போதும்.

முதலாவது, பின்னணிக்குத் தனி விளக்கு, நகைக்குத் தனி விளக்கு. பால் வெள்ளை அக்ரிலிக் ஷீட்டை இருபுறமும் செங்கல் அடுக்கி அதன் மேல் வைத்து, அடியில் எல்.இ.டி. பல்பைப் போடுங்கள். ஷீட்டே ஒளிரும், நிழலும் மறையும். பின்னணி நகையை விடச் சற்றுத் தூக்கலாக இருந்தால் போதும். ரொம்பக் கூட்டினால் வெளிச்சம் லென்சுக்குள் சிதறி நகையின் ஓரத்தையே தின்றுவிடும். கூட்டவும் குறைக்கவும் பல்பை நகர்த்தலாம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும் என்று பிசிக்ஸில் படித்தோமே, அதேதான்!

இரண்டாவது, பாலீஷ் போட்ட தங்கம் ஒரு கண்ணாடி. எதிரில் இருப்பதைத்தான் காட்டும். பல்பை நேராகக் காட்டினால் ஒரு வெள்ளைப் பொட்டும் சுற்றிலும் கறுப்பும்தான் தெரியும். எனவே டிராயிங் வகுப்பு டிரேசிங் பேப்பரை நகையைச் சுற்றிக் கூடாரம் மாதிரி வளைத்து, வெளியிலிருந்து விளக்கடியுங்கள். குண்டு பல்பு வேண்டாம், சூட்டில் பேப்பர் கருகிவிடும். எல்லாப் பக்கமும் வெள்ளையானால் நகையின் விளிம்பு பின்னணியில் கரைந்துபோகும். அதற்கு இருபுறமும் படத்தில் விழாத இடத்தில் விரல் அகலக் கறுப்பு சார்ட் துண்டை நிறுத்துங்கள். அதன் பிம்பம் ஓரத்தில் மெல்லிய கோடாக விழும். கல் வைத்த நகை என்றால் மேலிருந்து ஒரு சின்ன டார்ச்சையும் அடியுங்கள். அப்போதுதான் கல் மின்னும்.

மூன்றாவது நிறம். ஜன்னல் வெளிச்சத்தையும் பல்பையும் கலக்காதீர்கள். எல்லா விளக்கும் ஒரே வகையாக, 5000 கெல்வின் அளவில், சி.ஆர்.ஐ. 90க்கு மேல் இருக்கட்டும். ஒயிட் பேலன்ஸையும் அதற்கேற்ப வையுங்கள். தங்கத்தின் நிறம் மாறித் தெரிந்தால் வாங்குபவரின் நம்பிக்கை போய்விடும்.

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, 2 வினாடி டைமர் வைத்து, எக்ஸ்போஷரை +1 கூட்டி எடுங்கள். செல்போன் என்றால் திரையில் நகையைத் தொட்டு, சூரியக் குறியை மெதுவாக மேலே தள்ளினால் போதும்.

நண்பர்களே, பட்டறைக்காரர்களிடம் கைத்தொழில் இருக்கிறது. நம்மிடம் கொஞ்சம் படிப்பு இருக்கிறது. உங்கள் தெருவிலும் ஒரு பட்டறை இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்காருங்கள். நாம் படித்தது நாலு பேருக்குச் சோறு போடட்டும்!