நெடும்பயணக் குதிரையும் குருதியின் சமநிலையும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரைக் கடந்து ஆபர்ன் நகரை அடையும் டெவிஸ் கோப்பைக் குதிரைப் பயணம் 1955ஆம் ஆண்டு தொடங்கியது. ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவைக் குதிரை 24 மணி நேரத்திற்குள் கடத்தல் வேண்டும். இத்தகைய பயணத்தில் குதிரையின் குருதியில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று.

ஓய்விலிருக்கும் குதிரையின் தமனிக் குருதியில் ஆக்சிஜனின் அழுத்தம் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் பாதரச அளவாகவும், கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் ஏறத்தாழ 40 ஆகவும் இருக்கும். பந்தயக் குதிரை முழு விரைவில் பாயும்போது இந்நிலை மாறுகிறது. குதிரை மூக்கினால் மட்டுமே மூச்சுவிடும் விலங்கு. பாய்ச்சலின்போது அதன் மூச்சு காலோட்டத்தோடு பிணைந்துவிடுகிறது. குருதியும் நுரையீரலை மிக விரைவாகக் கடந்து செல்கிறது. ஆகவே, ஆக்சிஜன் குறைகிறது. கார்பன் டை ஆக்சைடு மிகுகிறது. தசைகளில் உண்டாகும் லாக்டிக் அமிலமும் சேர்ந்து குருதியின் அமிலத்தன்மையை உயர்த்துகிறது.

நெடும்பயணக் குதிரையோ மிதமான விரைவில் செல்கிறது. மண்ணீரல் தான் சேமித்துவைத்த சிவப்பணுக்களைக் குருதியில் கலக்கிறது. நுரையீரலும் தேவைக்கு ஈடுகொடுக்கிறது. அதனால் ஆக்சிஜன் அளவு பெரிதும் குறைவதில்லை. உடல் வெப்பத்தைத் தணிக்க மூச்சு விரைவதால், கார்பன் டை ஆக்சைடு சற்றே குறைவதும் உண்டு.

இக்குதிரைக்கு இடர் வருவது வியர்வையால். வெப்பமான சூழலில் ஒரு மணி நேரத்தில் 10 லிட்டர் வரையிலும், சிலவேளை அதற்கு மேலும் வியர்வை வெளியேறும். மனிதரின் வியர்வையைவிட அதில் உப்பு மிகுதி. குளோரைடு குறையக் குறையச் சிறுநீரகங்கள் பைகார்பனேட்டைத் தக்கவைக்கின்றன. குருதியின் காரத்தன்மை உயர்கிறது. அயனிநிலைக் கால்சியம் குறைகிறது. நரம்புகள் எளிதில் தூண்டப்படுகின்றன. உதரவிதானத்திற்குச் செல்லும் நரம்பு இதயத்தை ஒட்டிச் செல்வதால், ஒவ்வோர் இதயத்துடிப்பின்போதும் உதரவிதானம் சுருங்கி, விலாப்புறம் அதிரத் தொடங்கும்.

நீரோடு உப்பையும் இழப்பதால் குருதியின் உப்புச் செறிவு உயர்வதில்லை. எனவே, நீர் வற்றிய நிலையிலும் குதிரைக்குத் தாகம் தோன்றாமற்போகலாம். நீரை மறுக்கும் குதிரை நலமாயிருக்கிறது என்று கருதுதல் பெரும்பிழையாகும். இதனாலேயே வழியிடை நிலையங்களில் கால்நடை மருத்துவர்கள் இதயத்துடிப்பு, ஈறின் நிறம், குடலோசை, தோலின் நெகிழ்வு ஆகியவற்றை ஆராய்கின்றனர். நீரோடு உப்புக்கலவையும் அளிக்கப்படுகிறது. தகுதியற்ற குதிரை முன்னணியில் வந்தாலும் பயணத்திலிருந்து விலக்கப்படுகிறது. அம்முடிவே பல குதிரைகளின் உயிரைக் காக்கிறது.