ஓய்வுநாளுக்கு முன் ஒரு நாணயம்: யூதப் பள்ளிகள் கற்பிக்கும் இரக்கம்



வெள்ளிக்கிழமை காலை. நியூயார்க்கிலோ இலண்டனிலோ உள்ள ஒரு யூதப் பள்ளியின் மழலையர் வகுப்பை மனக்கண்முன் கொண்டுவருவோம். மேசைமீது ஓர் உண்டியல். குழந்தைகள் ஒவ்வொருவராக எழுந்து வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த நாணயத்தை அதில் போடுகிறார்கள். மாலையில் கதிரவன் மறையும்போது ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதன்பின் பக்தியுள்ள யூதர் பணத்தைத் தொடுவதில்லை. ஆகவே ஓய்வுநாளை வரவேற்கும் முன்பே ஏழையின் பங்கு எடுத்து வைக்கப்படுகிறது. நான்கு வயதுக் குழந்தைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. கை பழகிவிடுகிறது.

அந்த உண்டியலுக்குச் 'செதாக்கா' பெட்டி என்று பெயர். இச்சொல்லைத் தர்மம் என்று நாம் மொழிபெயர்த்துவிடுகிறோம். ஆனால் அது 'செதெக்' என்னும் எபிரேய வேரிலிருந்து வருகிறது. அதன் பொருள் நீதி. வயலின் ஓரத்தை அறுக்காமல் விடவேண்டும், சிந்திய கதிரைப் பொறுக்கக்கூடாது என்று லேவியர் நூல் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறதே, அதிலிருந்து வளர்ந்த எண்ணம் இது. ரூத்து போவாசின் வயலில் கதிர் பொறுக்கியது அவளுக்குச் சட்டம் தந்த உரிமை. அவ்வாறே, கொடுக்கிறவர் ஏழைக்கு உரியதைத்தான் ஏழையிடம் சேர்க்கிறார். அதற்காகப் பெருமை கொள்ள இடமில்லை. உதவி பெற்று வாழ்பவரும் தம்மால் இயன்ற சிறிதளவைப் பிறருக்குக் கொடுக்கவேண்டும் என்பது யூத ரபிகளின் சட்டம். கொடுக்கும் மதிப்பு ஏழைக்கும் மறுக்கப்படக்கூடாதல்லவா! கோவில் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசுகள் போட்ட ஏழைக் கைம்பெண் (லூக் 21:1-4) இந்த மரபில் வளர்ந்தவர்தான்.

இங்கே என் தவற்றை ஒப்புக்கொள்ளவேண்டும். குருவான தொடக்க ஆண்டுகளில், யூத சமயம் சட்டத்தின் சமயம், நம்முடையது அன்பின் சமயம் என்று மறையுரைகளில் எளிதாகச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறேன். கேட்டவர்களும் தலையசைத்தார்கள். ஆனால், பழைய ஏற்பாட்டையும் அதன்மீது எழுந்த யூத மரபையும் அன்பற்ற, அச்சமும் சட்டமும் மட்டுமே நிறைந்த சமயமாகக் காட்டக்கூடாது என்று 1974ஆம் ஆண்டிலேயே வத்திக்கான் வழிகாட்டியிருந்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' அறிக்கையைச் செயல்படுத்த எழுதப்பட்ட ஆவணம் அது. நான் குருமடத்தில் சேரும் முன்பே வந்தது. படிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

செதாக்காவைவிடப் பெரிதாக யூத ஆசிரியர்கள் கற்பிப்பது 'ஹெசெத்'. பலியைவிட ஆண்டவர் விரும்புவதாக இறைவாக்கினர் ஓசேயா அறிவித்ததும் (6:6), வரிதண்டுபவர்களோடு பந்தியில் அமர்ந்த இயேசு எடுத்துக்காட்டியதும் (மத் 9:13) இதுவே. தல்மூத் இதற்கு மூன்று காரணங்கள் சொல்கிறது. செதாக்காவுக்குப் பணம் போதும். ஹெசெத்திற்கு நாமே போகவேண்டும். செதாக்கா ஏழைக்கு, ஹெசெத் செல்வருக்கும் தேவை. செதாக்கா உயிரோடிருப்பவருக்கு; ஹெசெத் இறந்தவருக்கும் உண்டு.

இதை வகுப்பில் எப்படிச் சொல்லித் தருவது? கடவுளையே முன்மாதிரியாக வைக்கிறது தல்மூத். ஆதாமுக்கும் ஏவாளுக்கும் தோலாடை செய்து உடுத்தினார். விருத்தசேதனத்திற்குப்பின் நோவோடு இருந்த ஆபிரகாமை மம்ரேயில் வந்து பார்த்தார். தந்தையை இழந்த ஈசாக்கிற்கு ஆறுதலாக ஆசி வழங்கினார். மோசேயைத் தாமே அடக்கம் செய்தார். அவரைப் பின்பற்றுவது என்றால் இவற்றைச் செய்வதே. மறைக்கல்வியில் நாம் மனப்பாடம் செய்யும் இரக்கச் செயல்களின் பட்டியலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

செயல்முறையும் உண்டு. பூரிம் விழாவில் ஒவ்வொருவரும் குறைந்தது இரு ஏழைகளுக்குக் கொடை தரவேண்டும்; நண்பருக்கு உணவுப்பொருள் அனுப்பவேண்டும். எஸ்தர் நூல் 9ஆம் அதிகாரத்தின் கட்டளை இது. பள்ளிகளில் பிள்ளைகளே கூடைகளைக் கட்டி, முதியோர் இல்லங்களுக்கு எடுத்துச் செல்கிறார்கள். பலர் தங்கள் தெருவிலேயே 'கெமாக்' வீடுகளைப் பார்த்து வளர்கிறார்கள். மணமகள் உடை, குழந்தைத் தொட்டில், நாற்காலிகள், சிறு தொகை என்று எதையும் வட்டியோ வாடகையோ இன்றி இரவல் தரும் வீடுகள் அவை. 1976இல் எருசலேமில் இப்படிச் சிறிதாகத் தொடங்கிய 'யாத் சாரா' இன்று இஸ்ரேல் முழுவதும் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் இரவல் தருகிறது. தேவைப்படுபவர் யூதரா, இஸ்லாமியரா, கிறிஸ்தவரா என்று பார்ப்பதில்லை.

இஸ்ரேலின் உயர்நிலைப் பள்ளிகளில் சமூகப்பணி பாடத்திட்டத்தின் பகுதி. மணிக்கணக்கு எழுதிச் செய்யும் இரக்கம் உண்மையான இரக்கமா? எனக்கும் இந்தக் கேள்வி எழுந்தது. ரபிகள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள்: சரியான நோக்கம் இல்லாவிட்டாலும் செய்யத் தொடங்கு, செய்யச்செய்ய நோக்கம் வந்து சேரும். எல்லாருக்கும் வந்து சேருமா என்ற ஐயம் எனக்கு இன்னும் முழுவதும் தீரவில்லை. ஆனால் நல்ல மனம் வரட்டும் என்று காத்திருந்தவர்களைவிட, கடமைக்காகச் சென்று மனம் மாறியவர்களையே என் குருத்துவ வாழ்வில் அதிகம் கண்டிருக்கிறேன்.

பெரிய வகுப்புகளில் 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடஸ் வகுத்த எட்டுப் படிகளைப் படிக்கிறார்கள். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது இரண்டாம் படி. எருசலேம் கோவிலில் இதற்கென்றே ஓர் அறை இருந்ததாம். ஒருவர் மறைவாக வைப்பார், மற்றவர் மறைவாக எடுத்துச் செல்வார். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியவேண்டாம் என்ற ஆண்டவரின் போதனை (மத் 6:3) இந்த மண்ணில்தான் ஒலித்தது. முதல் படியோ, விழுந்தவருக்குக் கடனோ, தொழிலில் பங்கோ, வேலையோ தந்து, அவர் இனிக் கைநீட்டாதபடி நிமிர்த்துவது.

இறந்தவருக்குச் செய்வதை 'உண்மையின் ஹெசெத்' என்கிறார்கள். அவரால் திருப்பிச் செய்ய முடியாதல்லவா? தன்னை எகிப்தில் புதைக்கவேண்டாம் என்று யாக்கோபு மகன் யோசேப்பிடம் கேட்டபோது (தொநூ 47:29) பயன்படுத்திய சொல் இது. ஓய்வுநாள் தொடங்கவிருந்த மற்றொரு வெள்ளிக்கிழமையில், தலைமைச் சங்க உறுப்பினரான வேறொரு யோசேப்பு, அரிமத்தியா ஊரார், பிலாத்துவிடம் சென்று நம் ஆண்டவரின் உடலைக் கேட்டார். மெல்லிய துணியால் சுற்றி, அதுவரை யாரையும் வைத்திராத கல்லறையில் வைத்தார்.