பாட்டுப் பெட்டி திடீரென நின்றால்

பழைய ஐபாட் வீடியோவில் (2005) ராக்பாக்ஸ் என்னும் மாற்று இயக்கு நிரலை ஏற்றியிருக்கிறீர்களா? சில பாட்டுகள் ஒழுங்காகப் பாடிவிட்டுக் கருவி உறைந்து நின்றால், நிரலைத் திட்டுவதற்குமுன் சற்றுப் பொறுங்கள்.

முதலில் மெனு, நடுப் பொத்தான் இரண்டையும் சேர்த்துச் சில வினாடிகள் அழுத்துங்கள். கருவி மீண்டும் எழும். எழும்போதே ஹோல்டு விசையைத் தள்ளினால் ஆப்பிளின் மூல நிரல் வரும். கோளாறு அங்கும் தொடர்ந்தால் குற்றம் பெரும்பாலும் உறுப்புகளில்தான்.

உள்ளே இருக்கும் 1.8 அங்குலக் காந்தத் தட்டு ஓயாமல் சுழல்வதில்லை. பாட்டுகளை நினைவகத்தில் மொத்தமாகக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். தீர்ந்ததும் மறுபடி சுழலும். நின்ற தட்டைச் சுழற்றத்தான் மின்னோட்டம் மிகுதியாக வேண்டும். முதிர்ந்த மின்கலத்தில் அகத்தடை கூடியிருக்கும். அந்த நொடியில் மின்னழுத்தம் சரியும். (காரைக் கிளப்பும்போது விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்களே!) மின்னேற்றியில் பொருத்தியதும் கோளாறு மறைந்தால், மின்கலத்தை மாற்றுங்கள்.

‘டக், டக்’ ஒலி கேட்டால் தட்டே பழுது. பாட்டுகளை உடனே கணினியில் நகலெடுத்துவிடுங்கள்.