மோட்டார் எரியும் முன் கணக்குப் பாருங்கள்

தென்காசியை அடுத்த இலத்தூர் பக்கம் குளத்துத் தண்ணீர் குறைந்துவிட்டால் காருக்கும் பிசானத்துக்கும் கிணற்று மோட்டார்தான் துணை. நெல் பால் பிடிக்கும் நேரத்தில் காயில் எரிந்தால், மோட்டாரைத் தூக்கி, காயில் கட்டி, மறுபடியும் இறக்குவதற்குள் வயல் வெடித்துவிடும்.

தமிழகத்தில் 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அதனால் வீணாகும் மின்சாரத்தைச் சுட்டிக்காட்ட பில் வருவதில்லை. ஸ்டார்ட்டர் போர்டில் உள்ள வோல்ட் மீட்டரும் ஆம்ப் மீட்டரும்தான் உங்களுக்கு எச்சரிக்கை மணி.

இரண்டே கணக்கு

வாய்க்காலில் தண்ணீரைத் தள்ளும் அழுத்தம் போன்றது வோல்ட். ஓடும் தண்ணீரின் அளவு ஆம்ப். வழியில் உள்ள அடைப்பு மின்தடை. இதை ஓம் என்ற அலகால் அளக்கிறோம். ஜெர்மனியின் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்ட விதி இது. வோல்ட்டை ஆம்ப்பால் வகுத்தால் மின்தடை. வோல்ட்டையும் ஆம்ப்பையும் பெருக்கினால் திறன், அதாவது வாட்.

ஒயர் இணைப்பைச் சோதியுங்கள்

5 எச்.பி. மும்முனை மோட்டார் ஏறத்தாழ 8 ஆம்ப் எடுக்கும். மோட்டார் ஓடும்போது, ஒயர் முறுக்கிய ஓர் இணைப்பின் இரு பக்கமும் வைத்து அளந்தால் மீட்டர் 4 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 4-ஐ 8-ஆல் வகுத்தால் மின்தடை அரை ஓம். 4-ஐ 8-ஆல் பெருக்கினால் 32 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் சூடு அந்த டேப்புக்குள் இருக்கிறது! 2.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் 70 மீட்டருக்கு உள்ள மின்தடை, அந்த ஒரு முடிச்சில் மட்டும் சேர்ந்துவிட்டது. நல்ல இணைப்பில் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்டும்.

415 வோல்ட் உயிரைப் பறிக்கும். இந்தச் சோதனையை எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.

குறைந்த மின்னழுத்தம்

மும்முனை மோட்டாருக்கு வோல்ட், ஆம்ப், 1.732, திறன் காரணி நான்கையும் பெருக்க வேண்டும். திறன் காரணியை 0.8 என்று கொண்டால், 415 வோல்ட்டில் 8 ஆம்ப் எடுக்கும் மோட்டார் வாங்கும் திறன் ஏறத்தாழ 4,600 வாட். மின்னழுத்தம் 350-க்கு இறங்கினாலும் இழுக்க வேண்டிய சுமை குறையாது. ஆகவே ஆம்ப் 9.5 வரை ஏறும்.

காயில் சூடு ஆம்ப்பின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 8-ஐ 8-ஆல் பெருக்கினால் 64; 9.5-ஐ 9.5-ஆல் பெருக்கினால் 90. அதாவது சூடு 40 சதவீதம் அதிகம். அந்த நேரத்தில் ரிலே டிரிப் ஆவது மோட்டாரைக் காப்பாற்றத்தான். 'அடிக்கடி நிற்கிறது' என்று ரிலேயைக் கூட்டி வைப்பவர்கள் காயிலைத் தாங்களே எரிக்கிறார்கள். மோட்டார் பெயர்ப் பலகையில் உள்ள ஆம்ப் அளவிலேயே ரிலே இருக்கட்டும்.

காயிலின் மின்தடையை மட்டும் ஓடும்போது இந்தக் கணக்கில் பார்க்க முடியாது. மின்சாரத்தை நிறுத்தி, ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். மூன்று காயிலும் ஒரே அளவு காட்ட வேண்டும்.

மோட்டார் நன்றாக ஓடும் இன்றே மூன்று பேஸின் வோல்ட், ஆம்ப் அளவுகளை மோட்டார் அறைச் சுவரில் எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை ஒப்பிடுங்கள். ஒரு பேஸில் மட்டும் எண் மாறினால், தண்ணீர் பாய்ச்சி முடிக்கட்டும் என்று காத்திருக்காமல் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.